இபலோய் பழைய புகைப்படங்கள்: அடிக்குறிப்பைக் கடைசியில் படியுங்கள்

1900களில் பிலிப்பைன்ஸின் பெங்கெட் மலையில், இபலோய் என்னும் மலைவாழ் மக்களை எடுத்த எந்தப் படத்தொகுப்பைத் திறந்தாலும் இப்படி ஒரு படமாவது அகப்படும். நடுவயது ஆண், வெறுங்கால். தலையில் வெள்ளைக்காரத் தொப்பி, மேலே கழுத்துவரை பொத்தான் பூட்டிய கோட்டு. கோட்டுக்குக் கீழே கால்சட்டை கிடையாது, கோவணம்தான். கையில் பூண் போட்ட பிரம்பு. பின்னால் புல்கூரையின் ஓரம் கொஞ்சம் தெரிகிறது. அடியில் ஆங்கிலத்தில் ஒரு வரி: இகோரோத் தலைவன்.

பார்ப்பவர்கள் முதலில் அந்த வரியைத்தான் படிக்கிறார்கள். படித்ததும் படத்தைப் பார்த்து முடித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். வரியைக் கையால் மறைத்துக்கொண்டு அந்தப் பூணைப் பாருங்கள். ஸ்பானிய ஆட்சி தன்னோடு ஒத்துப்போன ஊர்ப் பெரியவர்களுக்கு அதிகாரத்தின் அடையாளமாகப் பிரம்பு கொடுத்தது. அமெரிக்கர்கள் வந்தபின் ஊராட்சிக்குப் பொறுப்பானவரைப் ‘பிரெசிதெந்தே’ என்றார்கள். கோட்டும் தொப்பியும் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவை. கோவணம் அவருடைய சொந்த உடை. இரண்டையும் சேர்த்து அணிந்ததில் அவருக்குக் கூச்சம் ஒன்றுமில்லை, வேடிக்கை பார்த்தது கேமராவுக்குப் பின்னால் நின்றவர்தான். ‘தலைவன்’ என்ற சொல்லும் சரியில்லை. இபலோய்களிடம் செல்வாக்கு பக்னாங் எனப்பட்ட செல்வர்களிடம் இருந்தது. வழக்கு தீர்த்தது தொங்தொங் என்னும் மூத்தோர் கூட்டம். ஆக, அந்த ஒரு வரியில் ‘இகோரோத்’ மலைவாழ் மக்கள் எல்லோருக்குமான பொதுப்பெயர், ‘தலைவன்’ தவறு. எழுதியவர் யாரைப் பார்த்து எழுதினார் என்பதைத் தவிர வேறொன்றும் அதிலிருந்து தெரிவதில்லை.

இபலோய்கள் பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில், கோர்டில்யேரா மலைத்தொடரின் தென்கோடியில் வாழ்பவர்கள். பெங்கெட் மாகாணத்தின் தென்பாதி அவர்களுடையது: காபாயன், போகோட், இதோகோன், துபா, துப்லாய், லா திரினிடாட், நடுவில் பாகியோ நகரம். பாகியோ நகரமாவதற்கு முன் அது காஃபக்வாய் என்ற மேய்ச்சல் நிலம். மாகாணத்தின் வடபாதியில் கன்கனாய் மக்கள். பழைய குறிப்புகளில் இபலோய் என்ற பெயரைத் தேடினால் பாதிப் படங்கள் கைக்கு வராது. ‘நபலோய்’, ‘இனிபலோய்’, ‘பெங்கெட் இகோரோத்’, ஸ்பானிய எழுத்தில் ‘இகோரோத்தே’ என்று நாலைந்து பெயர்களிலும் தேட வேண்டும். ‘பெங்கெட் இகோரோத்’ என்று கிடைப்பதில் கன்கனாய் மக்களும் கலந்திருப்பார்கள். பிரித்தெடுப்பது பின்னால் வரும் வேலை.

எடுத்தவர்களில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவர் டீன் வூஸ்டர். விலங்கியலாளர். 1901 முதல் 1913 வரை அமெரிக்க ஆட்சியின் உள்துறைச் செயலர். அவரும் அரசுப் புகைப்படக்காரர் சார்லஸ் மார்ட்டினும் எடுத்த ஆயிரக்கணக்கான படங்கள் இன்று மிச்சிகன் பல்கலைக்கழகம், சிகாகோவின் நியூபெரி நூலகம், ஜெர்மனியின் கொலோன் அருங்காட்சியகம் எனப் பிரிந்து கிடக்கின்றன. வூஸ்டர் மனிதர்களையும் விலங்கியல் மாதிரிகளைப்போல அடுக்கினார்: இனம், ‘வகை’ எண், முழு உருவமா அரை உருவமா, முன்பக்கமா பக்கவாட்டா. பெயர் இருப்பது அபூர்வம். ஆள் அருகில் யாராவது அமெரிக்கர் நிமிர்ந்து நின்றால், உயர ஒப்பீட்டுக்காக நிற்கிறார் என்று அர்த்தம். இந்தப் படங்களை அவர் சும்மா சேர்க்கவில்லை. பிலிப்பைன்ஸுக்கு விடுதலை கொடுக்கக்கூடாது என்று வாதாட அவற்றைப் பயன்படுத்தினார். இதை மனதில் வைத்துக்கொண்டால் எது சட்டகத்துக்குள் வந்தது, எது வெளியே நிறுத்தப்பட்டது என்பது பிடிபடும். கோட்டுப் போட்ட, எழுதப் படிக்கத் தெரிந்த, மாட்டு மந்தை வைத்திருந்த இபலோய்கள் அப்போதே இருந்தார்கள். ‘வகை’ப் படங்களில் அவர்களைத் தேடினால் ஏமாற்றம்தான்.

நாய்ச்சந்தைப் படங்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். பாகியோ சந்தையில் கயிற்றில் கட்டிய நாய்களோடு ஆட்கள் நிற்கும் அஞ்சலட்டைகள் விதவிதமாக அச்சாகி விற்றன. நாய் பலிச்சடங்கோடு தொடர்புடைய விலங்கு. அட்டை அதைச் சொல்லாது. ஒரு முழு மக்களையும் அந்த ஒரு காட்சியாகச் சுருக்கியதில் அட்டை அச்சடித்தவருக்கு லாபம். தொகுப்பில் இத்தகைய அட்டைகளே அதிகம் இருந்தால் அங்கே நாய்கள் அதிகம் இருந்தன என்று கொள்ளாதீர்கள். அந்த அட்டைகள் அதிகம் விற்றன, அவ்வளவுதான்.

இப்போது நிறத்துக்கு வருவோம். அதிகம் பேர் சறுக்கும் இடம் இது. அன்றைய கண்ணாடித் தகடுகளில் பூசிய மருந்து நீல ஒளியை மட்டும் நன்றாக உணரும், சிலவகைத் தகடுகள் பச்சையையும் ஓரளவு உணரும். சிவப்பு அதற்குக் கண்ணே தெரியாது. எல்லா நிறத்தையும் உணரும் தகடுகள் 1906க்குப் பிறகு கடைக்கு வந்தாலும், வெளியூர்ப் பயணத்தில் பழைய வகையைத்தான் பலரும் தூக்கிப்போனார்கள். விளைவு: சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளிறிப்போகும். சிவப்பும் கறுப்பும் கலந்த பட்டைகளுள்ள போர்வை படத்தில் ஒரே இருட்டுப் பட்டையாகத் தெரியும். கருநீலப் போர்வை சாம்பல் நிறமாகத் தெரியும். அதைப் பார்த்து ‘பட்டையில்லாத சாதாரணப் போர்வை, ஏழை’ என்று எழுதிவைத்தவர்கள் உண்டு.

பச்சை குத்தியதற்கும் இதே கதி. காபாயன் பக்கத்தில் உடல் முழுக்கக் குத்தும் வழக்கம் இருந்தது, அதற்கு புரிக் என்று பெயர். பெண்களின் முன்கைகளிலும் கோலங்கள் இருக்கும். பச்சைக்கோடு நீலச்சாயல் கொண்டது. பழுப்புத் தோலைத் தகடு இருட்டாகவும் நீலக்கோட்டை வெளிறலாகவும் பதியும், இரண்டும் ஒன்றுக்கொன்று நெருங்கிக் கோடு மறைந்துவிடும். எனவே ‘பச்சை இல்லை’ என்று படத்தைப் பார்த்து எழுதாதீர்கள், ‘படத்தில் தெரியவில்லை’ என்று எழுதுங்கள். நேகட்டிவ் கிடைத்தால் அதை ஸ்கேன் செய்து, முன்கைப் பகுதியின் மாறுபாட்டை மட்டும் கூட்டிப் பாருங்கள். காகிதப் பிரதியில் அழிந்த கோடு தகட்டில் சிலசமயம் மிச்சமிருக்கும்.

இந்த இரண்டையும் தெரிந்துகொண்டபின், நிறமேற்றும் செயலிகளை ஏன் தொடக்கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கறுப்பாக விழுந்த சிவப்பைச் செயலி பழுப்பாக்கும். ‘முகத்தைத் தெளிவாக்கு’ பொத்தானை அழுத்தினால் பச்சைக்கோடுகளை அழுக்கென்று நினைத்துத் துடைத்துவிடும், கண்ணையும் வாயையும் தானே வரைந்துவிடும். அப்புறம் அந்தத் தாத்தா யாருக்கும் தாத்தா இல்லை. பொதுவெளியில் சுற்றும் ‘வண்ண இபலோய்’ படங்களில் உடை நிறத்தை ஒருபோதும் ஆதாரமாக எடுக்கக்கூடாது.

யார் இபலோய், யார் இல்லை என்று பிரிக்க உடை, வீடு, கருவி மூன்றும் வேண்டும். ஒன்றை மட்டும் நம்பினால் தப்பு வரும்.

உடையில் முதலில் பெண்களைப் பாருங்கள். இபலோய்ப் பெண் பெரும்பாலும் மேலே கம்பல் என்ற ரவிக்கை, கீழே தெவித் என்ற கட்டம்போட்ட சுற்றுத்துணி. தலையில் பாரம் இழுக்கும் பட்டையோ மடித்த துணியோ இருக்கலாம். அதே காலத்துப் போந்தோக் (வடக்கே உள்ள வேறொரு மலைமக்கள்) பெண்கள் படங்களில் பெரும்பாலும் மேலாடை இல்லாமல் இருப்பார்கள். மேலாடையில்லாத பெண்ணின் படத்துக்கு ‘பெங்கெட்’ என்று எழுதியிருந்தால் ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள். விற்பனைக்காக ஊர்ப்பெயரை மாற்றிப்போட்ட அட்டைகள் நிறைய. ஆண்களில், பின்னந்தலையில் சிறு கூடைபோலத் தொற்றிக்கொண்டிருக்கும் தொப்பி போந்தோக்கைக் காட்டும். இபலோய் ஆணிடம் தலைத்துணி, தோளில் போர்வை. கையில் தலைவெட்டும் கோடரியோடு ‘இபலோய்’ என்று ஒரு படம் வந்தால், அந்தக் கோடரி யாருடையது, புகைப்படக்காரரின் பெட்டியிலிருந்து வந்ததா என்று சந்தேகப்படுவதில் தவறில்லை. 1904 செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் எடுத்த ‘இகோரோத் கிராமம்’ படங்களையும் இபலோய் என்று பகிர்கிறார்கள். அங்கே காட்டப்பட்டவர்கள் முக்கியமாகப் போந்தோக்கிலிருந்தும் சுயோக்கிலிருந்தும் போனவர்கள், சுயோக்காரர்கள் கன்கனாய்.

வீட்டுக்குத் தூண்களைப் பாருங்கள். இபலோய் வீடு தூண்மேல் நிற்கும். கோகோன் என்னும் புல் வேய்ந்த கூரை செங்குத்தாகச் சரிந்து, இறவாணம் தாழ இறங்கும். ஏறுவதற்கு ஏணி, கீழே பன்றிகள். வசதியுள்ளவர் வீட்டுச் சுவர் செதுக்கிய பைன் பலகை. தூண்களின் மேல்பக்கம் வட்டமான மரத்தட்டு இருந்தால் அது எலி ஏறாமல் தடுப்பது, இன்னொரு மலைமக்களான இஃபுகாவ்களின் வீடு. சுவர் தரைவரை இறங்கியிருந்தால் போந்தோக் பக்கம். வீடுகள் ஒட்டி நெருக்கமாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். இபலோய்க் குடியிருப்புகள் வயல் ஓரமாகச் சிதறி இருக்கும், போந்தோக் ஊர் நெருக்கமாக இருக்கும்.

மூன்றாவது கருவி. பெண்கள் முதுகில் தூக்கும் கூடை கயாபங்: மேல்வாய் அகன்று அடி குறுகியது, பட்டை நெற்றியில் மாட்டும். அதில் இருப்பது பெரும்பாலும் சர்க்கரைவள்ளிக்கிழங்கோ சேம்போ அவற்றின் கொடியோ. அரிசி விருந்துக்கும் மதுவுக்கும் வேண்டும், அன்றாட வயிற்றுக்குக் கிழங்கு. ஆற்றோரம் குனிந்து மரத்தட்டைச் சுழற்றும் பெண்களைப் பார்த்தால் அரிசி களைகிறார்கள் என்று எழுதிவிடாதீர்கள், தங்கம் அரிக்கிறார்கள். இதோகோன் பக்கத்து அந்தாமோக், அகுபான் தங்கம் ஸ்பானியர் காலத்துக்கு முன்பிருந்தே கடலோரத்துக்கு இறங்கிய சரக்கு. அமெரிக்கக் கம்பெனிகள் 1903 முதல் அதே மலையைத் துளைத்தன. தட்டோடு பெண்கள் இருக்கும் படமும், தொப்பியும் விளக்குமாகச் சுரங்கக் கூலியாட்கள் இருக்கும் படமும் ஒரே பள்ளத்தாக்காக இருக்க வாய்ப்புண்டு. பின்னால் இருக்கும் மலைமுகட்டுக் கோட்டை இரண்டிலும் ஒட்டிப்பாருங்கள். மனிதர் மாறினாலும் முகடு லேசில் மாறாது.

விருந்துப் படங்கள் தனிரகம். வெளியார் எல்லாவற்றையும் ‘கன்யாவ்’ என்று ஒரே சொல்லில் எழுதினார்கள். இபலோய்களில் பக்னாங் குடும்பம் ஊரைக் கூட்டிப் போடும் பெருவிருந்து பெஷித். நோய்க்கு, இறப்புக்கு, முன்னோருக்கு என்று செய்யும் சடங்குகள் வேறு. படத்தில் பன்றிகள் காலைக் கட்டி வரிசையாகக் கிடந்தால் எண்ணுங்கள், விருந்தின் அளவு தெரியும். கையில் கூர்மையான மரக்குச்சியோடு பன்றி அருகே குந்தியிருப்பவர் சமையல்காரர் இல்லை, பன்றியின் நெஞ்சில் குத்திக் கொல்வதற்கான குச்சி அது. ஜாடி முன்னால் உட்கார்ந்து வாய் அசைப்பதுபோல் தெரியும் முதியவர் மம்புனோங், மந்திரம் சொல்லும் பூசாரி. ஜாடியில் தபேய், அரிசி மது. பெரிய செம்புக் கொப்பரைகளும் பழைய சீன ஜாடிகளும் அந்த வீட்டின் சொத்துக்கணக்கு, அவற்றைப் பின்னணி என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள்.

நடனத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். தயாவ் நடனத்தில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். ஆணின் தோள்களில் போர்வைகள் தொங்கும், பெண் கைகளை உயர்த்தித் தொடர்வாள். வாத்தியக்காரர்கள் ஓரத்தில் இருப்பார்கள், மொத்தம் ஐந்து கருவி: சொலிபாவ், கிம்பல் என இரண்டு நீண்ட மத்தளங்கள், கல்சா, பின்சாக் என இரண்டு சேகண்டிகள், பலாஸ் என ஒரு ஜோடி இரும்புத் துண்டுகள். சேகண்டியைக் கையில் பிடித்துத் தட்டிக்கொண்டு வரிசையாக ஆண்களே ஆடினால் அது போந்தோக் வழக்கத்துக்கு நெருக்கம். இப்போது ஆடுபவரின் பாதத்தைப் பாருங்கள். இரண்டு பாதமும் மண்ணில் அழுந்தி, போர்வை நுனி துளியும் கலங்காமல், வாத்தியக்காரர் கை தோலின்மேல் ஓய்ந்து, எல்லோர் கண்ணும் கேமராவில் இருந்தால் அது ‘ஆடுவதுபோல் நில்’ என்று சொல்லி எடுத்த படம். மெதுவான தகடு, முக்காலியில் கேமரா, வேறு வழியில்லை. போர்வை நுனி கலங்கி, ஒரு குதிகால் தூக்கி, பின்னால் ஒரு பையன் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தால் விருந்து நிஜமாக நடந்துகொண்டிருந்தது. நாங்கள் தேடுவது இரண்டாவது வகை. தொழில் நேர்த்தியில் அது மட்டமான படமாக இருக்கும், பெரும்பாலும் அச்சாகியிருக்காது.

போர்வைகளுக்குப் பெயர் உண்டு: பினக்பகன், குலெபாவ், தில்லி, பண்டாலா. எதை யார் போர்த்தலாம், இறந்தால் எதில் சுற்றலாம் என்பது குடும்பத்தின் நிலையைப் பொறுத்தது. இவற்றில் பல இலோகோஸ் கரையோரத் தறிகளில் மலைக்காரர் கேட்டபடி நெய்து மலையேறியவை. பட்டைகளின் எண்ணிக்கையையும் அகலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், பெயரை மட்டும் நீங்களாக வைக்காதீர்கள். ஊருக்கு ஊர் உச்சரிப்பும் மாறும், பட்டைக்குரிய பெயரும் மாறும்.

காலம் குறிக்க அடிக்குறிப்பு இங்கேதான் உதவுகிறது, எழுதியவர் நினைக்காத வகையில். ஆட்களைப் பற்றி அது சொல்வது ஆட்டம் காணும், ஆட்சி எல்லைகளைப் பற்றிச் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும். ‘லெபாந்தோ-போந்தோக்’ என்று இருந்தால் 1902க்கும் 1908க்கும் இடையில். பெங்கெட்டை ‘மவுண்டன் மாகாணம்’ என்பதோடு சேர்த்து எழுதியிருந்தால் 1908க்குப் பின், பெங்கெட் தனி மாகாணமான 1966க்கு முன். ‘பாகியோ நகரம்’ என்றால் 1909 செப்டம்பருக்குப் பின். பின்னணியில் பாகியோ தேவாலயத்தின் இரட்டைக் கோபுரம் எழுந்து முடிந்திருந்தால் 1930களின் நடுப்பகுதிக்குப் பின். ஆக்னோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் நெல்வயல் தெரிந்தால் அம்புக்லாவ் அணை 1956இல் முடிந்தது, பிங்கா அணை 1960இல் முடிந்தது என்பதை நினைவில் வையுங்கள். நீரில் போன வயல்களை இனி படத்தில்தான் பார்க்க முடியும். வயலின் வரப்பைக் காட்டி அழுத மூத்தவர்கள் முன்னால் அந்தப் படத்துக்கு ‘இயற்கைக் காட்சி’ என்று தலைப்பு வைத்திருப்பது தர்மசங்கடமாக இருக்கும்.

அஞ்சலட்டையாக இருந்தால் முகத்தைவிடப் பின்பக்கம் அதிகம் பேசும். அமெரிக்க அட்டையில் முகவரிக்கும் செய்திக்கும் நடுக்கோடு வந்தது 1907 மார்ச்சில். தபால்தலை ஒட்டும் கட்டத்தில் ‘ஆசோ’ (AZO) என்ற காகிதப் பெயரோடு நான்கு முக்கோணமும் மேல்நோக்கி இருந்தால் ஏறத்தாழ 1904 முதல் 1918 வரை, இரண்டு மேலும் இரண்டு கீழுமாக இருந்தால் 1918 முதல் 1930 வரை. இது காகிதம் செய்த காலம். படம் அதற்குப் பல வருடம் முந்தியதாக இருக்கலாம், பழைய நேகட்டிவை மறுபடி மறுபடி அச்சடித்தார்கள். 10 மடங்கு பூதக்கண்ணாடியில் புள்ளிபுள்ளியாகத் தெரிந்தால் அச்சு, தொடர்ச்சியான சாம்பலாக இருந்தால் உண்மையான புகைப்படம். இருட்டில் புறஊதா விளக்கைக் காட்டும்போது காகிதம் நீலமாகப் பளீரிட்டால் 1950களுக்குப் பிந்தைய காகிதம், விற்பவர் என்ன சொன்னாலும்.

இடவலம் மாறிய படங்கள் நினைப்பதைவிட அதிகம். தகட்டைத் திருப்பிப் போட்டு அச்சடித்தால் யாருக்கும் தெரியாது, மலைக்கு இடம் என்ன வலம் என்ன. சரிபார்க்க அந்தக் கோட்டுப் பொத்தானே போதும்: ஆண் கோட்டில் அணிந்தவரின் இடப்பக்கத் துணி வலப்பக்கத்தின்மேல் வரும். தகட்டில் கீறிய எண் படத்தில் நேராகப் படிக்க முடிந்தாலும் படம் பெரும்பாலும் சரி. இது ஒன்றும் சின்ன விஷயமில்லை. முகட்டை வைத்து இடம் கண்டுபிடிக்கக் கிளம்பியவர்கள் திரும்பிய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் மலையேறியதுண்டு.

ஸ்கேன் செய்வதில் அளவுகள் இவ்வளவு போதும். அஞ்சலட்டை, குடும்பப் படங்களுக்கு அங்குலத்துக்கு 600 புள்ளி. 5க்கு 7 அங்குலக் கண்ணாடித் தகட்டுக்கு 1200, அதாவது 6000க்கு 8400 புள்ளி, தோளில் இருக்கும் பட்டையை எண்ணும் அளவுக்கு வரும். கறுப்புவெள்ளைப் படமானாலும் 16 பிட் வண்ணத்தில் எடுத்து டிஃப் கோப்பாக வையுங்கள், கறையும் பென்சில் எழுத்தும் வண்ணத்தில்தான் பிரியும். நான்கு ஓரமும் வெளியே தெரிய வேண்டும். பின்பக்கத்தையும் அதே எண்ணில் எடுக்க வேண்டும், வெறுமையாக இருந்தாலும். ‘வெறுமை’ என்பதும் ஒரு தகவல்.

கண்ணாடித் தகட்டில் ஒருபக்கம் மினுமினுக்கும், மறுபக்கம் மங்கலாக இருக்கும். மங்கல் பக்கம்தான் படலம். ஸ்கேனரில் மினுமினுப்பான பக்கம் கீழே இருக்க வைத்தால் படம் நேராக வரும், படலமும் கீறாது. ஆனால் கண்ணாடியோடு கண்ணாடி ஒட்டி வானவில் வளையங்கள் விழும். மெல்லிய அட்டைத் துண்டுகளை நான்கு மூலையிலும் வைத்துத் தகட்டை ஒரு நூல் தூக்கிவிடுங்கள். படலம் உரிந்த தகட்டை ஸ்கேனரில் வைக்கவே வேண்டாம், விளக்குமேசையில் படுக்கவைத்து மேலிருந்து கேமராவில் எடுங்கள். காகிதப் படங்களின் இருண்ட ஓரங்களில் நீலப் பளபளப்பு ஏறியிருந்தால் அது வெள்ளி மேலே வந்தது. துடைக்காதீர்கள், துடைத்தால் படமும் வரும். இரண்டு பக்கமும் 45 பாகையில் விளக்கு வைத்து, விளக்குக்கும் லென்ஸுக்கும் குறுக்கு வாட்டத்தில் போலராய்டு வடிகட்டி போட்டால் பளபளப்பு அடங்கும். கைபேசியில் ஜன்னலோரம் எடுப்பது அடையாளத்துக்கு மட்டும்.

பெங்கெட்டில் ஜூன் முதல் அக்டோபர் வரை மழைதான். பாகியோவில் 1911 ஜூலையில் ஒரே நாளில் 1,100 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியிருக்கிறது. அந்த ஈரத்தில் ஒட்டும் பக்கமுள்ள ஆல்பம் பூஞ்சைக்குப் பாய்விரிப்பதுபோல. படம் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காமல் பக்கத்தோடு ஸ்கேன் செய்துவிட்டு, பிறகு பல் சுத்தம் செய்யும் மெழுகில்லாத நூலை அடியில் ரம்பம்போல ஓட்டி எடுங்கள். தகடுகளைப் படுக்கையாக அடுக்கினால் கீழே உள்ளவை உடையும். ஒவ்வொன்றையும் அமிலமில்லாத காகிதத்தில் மடித்து, நீளப்பக்கம் கீழே இருக்க நிற்கவையுங்கள். ஒரு தகடு 80, 90 கிராம் இருக்கும், 50 சேர்ந்தால் நாலு கிலோவைத் தாண்டும், அட்டைப்பெட்டியின் அடி அதற்குத் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய வளையும் நேகட்டிவில் புளித்த காடி வாசம் வந்தால் அசிட்டேட் கெட்டுக்கொண்டிருக்கிறது, மற்றதிலிருந்து பிரித்துவையுங்கள். மஞ்சளாகிப் பிசுபிசுத்தால் நைட்ரேட், அது தீப்பிடிக்கும் சரக்கு, வீட்டுப் பரணில் இருக்கக்கூடாது.

இவ்வளவும் செய்தபின்தான் படத்தை ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். பெங்கெட்டில் பெரிய குடும்பங்கள் கூடும்போது தலைமுறை வரிசையைப் பேனராக எழுதிக் கட்டுவார்கள். பெயரில்லாத முகங்களுக்குப் பெயர் கிடைக்கும் இடம் அதுதான். கணினித் திரையை நீட்டாதீர்கள், ஏ4 அளவில் அச்சிட்டுக் கொண்டுபோங்கள். ஓர் அமர்வுக்கு 12 படம், அதற்குமேல் போனால் கடைசிப் படங்களுக்கு ‘ஆமாம் ஆமாம்’ என்ற பதில்தான் வரும். படத்தின்மேல் மெழுகுத்தாள் வைத்து ஒவ்வொருவர் உருவத்தையும் கோடிட்டு எண் போடுங்கள். ‘இது இன்னாரா?’ என்று கேட்டால் மரியாதைக்காக ஆமாம் என்பார்கள். ‘இவர் யாராக இருக்கும்?’ என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அடிக்குறிப்பை மடித்து மறைத்துவைப்பது நல்லது, வாசித்துவிட்டால் பேச்சு அதன்பின்னால் போய்விடும். முகம் தெரியாவிட்டாலும் போர்வையையோ ஜாடியையோ வீட்டு வாசல் கல்லையோ யாராவது அடையாளம் சொல்வார்கள். சொற்களைக் கேட்டபடியே எழுதுங்கள். ஒருவர் ‘பெஷித்’ என்பார், இன்னொருவர் ‘பெதித்’ என்பார், இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

நிலம் பற்றிய பேச்சும் கட்டாயம் வரும், பழைய படம் அங்கே வெறும் நினைவுப்பொருள் அல்ல. மத்தேயோ காரின்யோ என்ற இபலோய் பக்னாங்கின் 146 ஹெக்டேர் பாகியோ நிலத்தை அமெரிக்க அரசு எடுத்துக்கொண்டது. வழக்கு வாஷிங்டன் உச்சநீதிமன்றம் வரை போய், 1909 பிப்ரவரி 23இல் நீதிபதி ஹோம்ஸ் எழுதிய தீர்ப்பு, நினைவுக்கெட்டாத காலம்தொட்டு வைத்திருந்த நிலம் அரசு நிலமாக ஒருபோதும் இருந்ததில்லை என்று கொள்ள வேண்டும் என்றது. அந்தத் தேதியைத்தான் பாகியோவில் இபலோய் நாளாகக் கொண்டாடுகிறார்கள். வேலி, மாட்டுப்பட்டி, கல்வரப்பு தெரியும் 1900களின் படம் ஒன்று இந்தப் பின்னணியில் என்ன எடை பெறும் என்று யோசியுங்கள். ஓரத்தை வெட்டி அழகாக்கிய பிரதி அந்த வேலியைத்தான் முதலில் தொலைக்கும்.

எல்லாப் படமும் காட்டுவதற்கு அல்ல. காபாயன் மலைக்குகைகளில் புகையில் உலர்த்திப் பதப்படுத்திய முன்னோர் உடல்கள் இருக்கின்றன. இறந்தவரை நாற்காலியில் அமர்த்தி, அடியில் மெல்லிய தீ மூட்டி, மூலிகைச் சாறு தடவி, வாரக்கணக்கில் உலர்த்தும் முறை. அக்குகைகளிலிருந்து உடல்கள் திருடுபோயிருக்கின்றன. புகியாஸ் பக்கத்து ‘அப்போ அன்னு’ என்ற பெயருள்ள உடலும் பல பத்தாண்டுகள் வெளியே சுற்றிவிட்டு 1999இல்தான் மலைக்குத் திரும்பியது. குகைப் படங்களையும், சாவு நாற்காலியில் அமர்த்திய உடல் தெரியும் படங்களையும் இணையத்தில் போடும்முன் அந்த ஊர் மூத்தோரிடம் கேளுங்கள். பதிப்புரிமை தீர்ந்த படம் என்பது போதாது. பிலிப்பைன்ஸின் 1997 பழங்குடி உரிமைச் சட்டம் சமூகத்தின் ஒப்புதலைத் தனியாகக் கேட்கிறது. சில வீடுகளில் படத்தைக் கையில் வாங்கியதும் தரையில் ஒரு சொட்டு மது ஊற்றி முன்னோரிடம் ஏதோ சொல்வார்கள். அதை ஒலிப்பதிவு செய்யலாமா என்று அப்போது கேட்காதீர்கள், கருவியை அணைத்துவிடுங்கள்.

திரும்பி வந்து பட்டியல் எழுதும்போது பழைய அடிக்குறிப்பை அழிக்க வேண்டாம், அது எவ்வளவு மட்டமாக இருந்தாலும். மேற்கோள் குறிக்குள் அப்படியே வைத்து, ‘அட்டையில் உள்ளபடி’ என்று குறியுங்கள். அதற்குக் கீழே புதிய வரி: ஊர், ஆட்கள் எண்வாரியாக, உடை, பொருள், சொன்னவர் எந்த ஊர்க்காரர், எந்தத் தேதியில் சொன்னார். இரண்டு பேர் இரண்டு பெயர் சொன்னால் இரண்டும். தெரியாத எண்ணுக்கு எதிரே இடத்தைக் காலியாக விடுங்கள், அடுத்த கூட்டத்துக்கு அந்தத் தாளையே எடுத்துப்போக வேண்டியிருக்கும்.